ஷட்டவுன் ஆக அவ்ளோ அவசரமா?



"கம்ப்யூட்டர் அணைய ரொம்ப நேரம் எடுக்குது. ரெஜிஸ்ட்ரியில ஒரு நம்பரைக் குறைச்சா சரியாயிடுமாமே?" விண்டோஸ் எக்ஸ்பி காலத்துலேர்ந்து இந்தக் கேள்வி சுத்திக்கிட்டே இருக்கு. என் பதில்: குறைக்கலாம். ஆனா குறைக்காதீங்க.

முதல்ல அந்த நம்பர் என்னன்னு பார்ப்போம். ரன்ல போய் ரெஜ்எடிட்னு அடிச்சு, ஹெச்கீ லோக்கல் மெஷின் -> சிஸ்டம் -> கரண்ட் கண்ட்ரோல் செட் -> கண்ட்ரோல் வரைக்கும் போனா 'வெயிட் டு கில் சர்வீஸ் டைம்அவுட்'னு ஒண்ணு இருக்கும். எக்ஸ்பியில இதோட அளவு 20000, அதாவது 20 விநாடி. விண்டோஸ் 7ல 12 விநாடி. விண்டோஸ் 8லேர்ந்து வெறும் 5 விநாடிதான். மைக்ரோசாப்டே தேவையான அளவுக்குக் குறைச்சுட்டாங்க. அதையும் 1 விநாடி ஆக்கணும்னுதான் நம்மாளுங்க துடிக்கிறாங்க :)

இங்கதான் பலர் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. இது கம்ப்யூட்டர் கட்டாயம் காத்திருக்கும் நேரம் இல்லை. அதிகபட்சம் காத்திருக்கும் நேரம். எல்லா சர்வீசும் அரை விநாடியில் வேலையை முடிச்சுட்டா, அந்த நம்பர் 5000 ஆக இருந்தாலும் 20000 ஆக இருந்தாலும் வித்தியாசமே தெரியாது. இன்னும் வேலை முடியாத சர்வீஸ்மேல மட்டும்தான் அது பாயும். பில் போடற கடையில டேட்டாபேஸ் அன்னிக்குக் கணக்கை டிஸ்க்ல எழுதிக்கிட்டிருந்தா, அதோட கழுத்துலதான் கத்தி. கல்லாவை எண்ணிக்கிட்டிருக்கற ஆளை உள்ள வச்சே ஷட்டரை இறக்கற மாதிரி!

'ஆட்டோ எண்ட் டாஸ்க்ஸ்'ஐ 1 ஆக்கச் சொல்றதும் இதே கதைதான். "சேவ் பண்ணவா?"ன்னு கேட்டு நிக்கற புரோகிராமை, உங்க பதிலுக்குக் காத்திராம மூடிடும். நாலு விநாடி மிச்சம், நாலு பக்கம் காலி.

அப்ப மெதுவா அணையறதுக்கு என்னதான் வழி? காரணத்தைத் தேடுங்க.

1. ஈவென்ட் வியூவர்ல, டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் பதிவுகள்ல 200ம் எண்ணைப் பாருங்க. அணைய எவ்ளோ நேரம் ஆச்சுன்னு இருக்கும். அதையொட்டி வர்ற எண்கள்ல, தாமதப்படுத்தினது எதுன்னு பேரோட மாட்டும். அனேகமா, எப்பவோ தூக்கிப்போட்ட பிரிண்டரோட மென்பொருளோ, இரண்டாவது ஆன்டிவைரஸோதான் இருக்கும். அதை நீக்குங்க.

2. 'கிளியர் பேஜ்ஃபைல் அட் ஷட்டவுன்' 1னு இருந்தா, ஒவ்வொரு தடவை அணைக்கும்போதும் பேஜ் ஃபைல் முழுக்க அழிச்சு எழுதும். பழைய ஹார்ட் டிஸ்க்ல இதுக்கு நிமிஷக்கணக்கு ஆகும். ரகசியம் காக்கற ஆபீஸ் மெஷினா இல்லாத பட்சத்தில் 0 போதும்.

3. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போடுங்க. இதுக்கு ஈடான ரெஜிஸ்ட்ரி வித்தை எதுவும் கிடையாது.

"கரண்ட் போயிடுச்சு, யூபிஎஸ் 2 நிமிஷம்தான் தாங்குது, நான் என்ன செய்ய?"ன்னு கேக்கலாம். நியாயம்தான். ஆனா அங்க மாத்த வேண்டியது பேட்டரியை, ரெஜிஸ்ட்ரியை இல்லை.

ஷட்டவுன் கொடுத்துட்டு மானிட்டரை அணைச்சுட்டு எழுந்து போங்க. அது பாட்டுக்கு அணையட்டும். நாள் முழுக்க நமக்காக உழைச்ச மெஷின், கிளம்பும்போது மூட்டை கட்ட 10 விநாடி கேக்குது. கொடுத்துடலாமே!