எல்லோருக்கும் தோழி என்ற விதி

மூன்று விரல்களை உயர்த்தி உறுதிமொழி கூறும் ஒவ்வொரு சாரணியும், தான் எல்லோருக்கும் தோழி, மற்றச் சாரணியர் அனைவருக்கும் சகோதரி என்னும் விதியை ஏற்றுக்கொள்கிறாள். அந்த 'எல்லோரும்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர்? தம் பாலினத்தவர் மீதே ஈர்ப்புக் கொள்ளும் இயல்புடைய இளைஞரைத் தன்பாலீர்ப்பாளர் என்கிறோம். அத்தகையோரை ஓர் இளைஞர் இயக்கம் சேர்க்க மறுக்கலாமா? இக்கேள்வியை மாணவியராகிய நாமும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

நம் ஊருக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். வெள்ளகோவிலின் தறிக்கூடங்களிலும், நூற்பாலைகளிலும், பள்ளிகளிலும் இருப்பவர்கள் மனிதர்கள். மனிதர் வாழும் இடமெல்லாம் இவ்வியல்புடையோரும் வாழ்கின்றனர். நாம் பேசாதிருப்பதால் அவர்கள் இல்லாமற் போய்விடுவதில்லை. யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கிறார்கள், அவ்வளவே.

முதலில் நாம் அணிந்திருக்கும் சீருடையின் வரலாற்றைப் பார்ப்போம். 1909-ஆம் ஆண்டு இலண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணச் சிறுவர்களின் பெரிய அணிவகுப்பு நடந்தது. அழைப்பில்லாத சிறுமியர் சிலரும் சாரண உடையில் அங்கு வந்து நின்றனர். அடுத்த ஆண்டே பெண்களுக்கான சாரணியர் இயக்கம் பிறந்தது. இந்தியாவிலோ வேறு ஒரு கதவு மூடியிருந்தது. 1909-இல் பெங்களூரில் தொடங்கிய சாரணர் குழுவில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கே இடம் இருந்தது. இந்தியச் சிறுவர் வெளியே நின்றனர். ஆகவே 1916-இல் அன்னி பெசண்ட் அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேலும் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். பின்னர், 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. 1951-இல் சாரணியரும் அதில் இணைந்தனர். பெண் என்பதற்காகவும், இந்தியர் என்பதற்காகவும் ஒரு காலத்தில் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேத்தியரும் கொள்ளுப்பேத்தியருமே இன்று இந்தச் சீருடையில் நிற்கிறோம். இதை நாம் மறத்தல் ஆகாது.

இனி நம் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் ஜேம்ஸ் டேல் என்ற இளைஞர் சிறுவயது முதல் சாரணர். உயர்ந்த விருதும் பெற்றவர். அவர் தன்பாலீர்ப்பாளர் என்பது செய்தித்தாள் வழியே தெரிந்ததும், 1990-இல் அவ்வியக்கம் அவரைத் துணைத் தலைவர் பொறுப்பிலிருந்து நீக்கியது. வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2000 ஜூன் 28 அன்று அந்நாட்டு உச்சநீதிமன்றம், ஒரு தனியார் சங்கம் தன் கொள்கைக்கு ஒவ்வாதவரை விலக்கலாம் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வழக்கில் வென்ற அதே இயக்கம் 2013-இல் தன்பாலீர்ப்புடைய சிறுவரைச் சேர்க்க வாக்களித்தது; 2015-இல் பெரியவர்களுக்கு இருந்த தடையையும் நீக்கியது. எந்த நீதிமன்றமும் கட்டளையிடாமல் தானாகவே செய்த மாற்றம் இது என்பது கருதத்தக்கது.

நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் எழுந்த வழக்கு சற்று வேறானது. திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவியும் திருநங்கையுமான ஹினா ஹனீஃபா தேசிய மாணவர் படையில் சேர விரும்பினார். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆண், பெண் என்ற இரு பிரிவுகளே உள்ளன என்று கூறி அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. 2021 மார்ச் 15 அன்று கேரள உயர்நீதிமன்றம், பெண்கள் பிரிவில் சேரும் தேர்வுக்கு அவரை அனுமதிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. திருநங்கையர் வேறு, தன்பாலீர்ப்பாளர் வேறு. மாணவர் படை அரசின் அமைப்பு, சாரணர் குழு தனியார் அமைப்பு. எனினும் இரண்டு இடத்திலும் இளைஞர் கேட்டது ஒன்றே. மற்றவரோடு வரிசையில் நின்று நாட்டுக்கும் மக்களுக்கும் தொண்டு செய்யும் வாய்ப்பையே அவர்கள் கேட்டனர்.

விலக்கலாம் என்போரின் வாதத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். சங்கம் அமைக்கும் உரிமையை நம் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு அளிக்கிறது. யாரைச் சேர்ப்பது என்று தீர்மானிக்க முடியாவிட்டால் அந்த உரிமைக்குப் பொருள் ஏது? சிறுபான்மையினராகிய கத்தோலிக்கருக்கு இவ்வுரிமை மிகவும் தேவையானது. மரியாயின் சேனையில் கத்தோலிக்கரையே சேர்க்கிறோம். அதைக் குறை கூறுவார் இல்லை. செபமும் விசுவாசமுமே அச்சபையின் நோக்கமாதலால் அந்த வரம்பு நோக்கத்திலிருந்து பிறக்கிறது. ஆனால் முதலுதவி கற்பது, முடிச்சுப் போடுவது, மரம் நடுவது, வெள்ளத்திலும் நோயிலும் பிறர்க்கு உதவுவது ஆகிய சாரணியர் பணிகளுள் எதற்கு ஒருத்தியின் மன ஈர்ப்பு தடையாகும்? நோக்கத்தோடு தொடர்பில்லாத வரம்பு வெறும் வெறுப்பாகவே முடியும். சட்டம் ஒருவேளை இடங்கொடுத்தாலும், செய்யத் தகுந்தது எது என்பது வேறு கேள்வி.

பெற்றோர் பலருக்குப் பாதுகாப்பைப் பற்றிய கவலை உண்டு. மகளை வெளியூர் முகாமுக்கு அனுப்பும் தாய் கவலைப்படுவது இயல்பே. ஆனால் முகாமில் பிள்ளைகளைக் காப்பவை நல்ல விதிகளே. பெரியவர் எவரும் ஒரு பிள்ளையுடன் தனித்திருத்தல் கூடாது. இரவில் பொறுப்பாளர் இருவர் விழித்திருக்க வேண்டும். முறையிட அஞ்சாத சூழல் வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் ஆண், பெண் வேறுபாடின்றிக் காக்கிறது. நடத்தை தவறினால் யாராயினும் தண்டிக்கட்டும். ஒரு பிரிவினரை வெளியேற்றிவிட்டு முகாம் பாதுகாப்பானது என்று நம்புவது, பின்கதவைத் திறந்து வைத்து முன்கதவைப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

திருச்சபையின் போதனை இதனைத் தடுக்கிறதா? திருமணத்தையும் கற்பு வாழ்வையும் பற்றிய திருச்சபையின் படிப்பினையை நாம் அறிவோம். அதை மாற்றச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதே திருச்சபை 1992-இல் வெளியிட்ட மறைக்கல்வி நூல், இவ்வியல்புடையோரை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும் என்றும், அநியாயமான வேறுபாடு எதையும் அவர்களுக்குக் காட்டலாகாது என்றும் கற்பிக்கிறது. 2013-இல் திருத்தந்தை பிரான்சிஸ், கடவுளைத் தேடும் இத்தகைய ஒருவரைத் தீர்ப்பிடத் தாம் யார் என்று கேட்டது உலகெங்கும் பேசப்பட்டது. இயல்பு வேறு, செயல் வேறு என்று பகுத்துச் சொல்லும் மரபு நம்முடையது. அவ்வாறிருக்க, எந்தச் செயலும் செய்யாத பதினாறு வயதுச் சிறுமியை இயல்பு ஒன்றுக்காகவே விலக்குவது எப்படி நியாயமாகும்?

நம் மாநிலத்திலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மதுரையைச் சேர்ந்த இரு இளம் பெண்கள் தம்மைப் பிரிக்க முயன்ற பெற்றோருக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்து, பாதுகாப்புக் கோரி உயர்நீதிமன்றத்தை நாடினர். அவ்வழக்கை விசாரித்த நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருள் பற்றித் தமக்குப் போதிய அறிவு இல்லை என்று வெளிப்படையாகக் கூறி, உளநல வல்லுநர் ஒருவரிடம் தாமே மாணவராக அமர்ந்து கேட்டறிந்தார். பின்னரே 2021 ஜூன் 7 அன்று ஆணை வழங்கினார். இவ்வியல்பை மருத்துவத்தால் மாற்றுவதாகச் சொல்லும் முயற்சிகளை அவ்வாணை தடை செய்தது. பள்ளிகளிலும் விழிப்புணர்வு வேண்டும் என்றது. உயர்ந்த பதவியில் இருப்பவர் கற்றுக்கொள்ள வெட்கப்படவில்லை. நாம் வெட்கப்படுவானேன்?

தோழியரே, நம்மிடையே நடப்பதை எண்ணிப் பாருங்கள். ஒருத்தி முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாலோ, ஒரே தோழியுடன் அதிகம் பழகினாலோ, உடனே ஒரு பட்டப்பெயர் பிறந்துவிடுகிறது. வகுப்பில் தொடங்கும் சிரிப்பு விடுதி வரை செல்கிறது. அப்பெண் முதலில் அணிவகுப்புக்கு வருவதை நிறுத்துகிறாள், பிறகு முகாமுக்கு, சில வேளை பள்ளிக்கே. எந்தச் சங்கமும் அவளை எழுத்தில் நீக்கவில்லை. நம் நாவே நீக்கிவிடுகிறது. படிப்பை நிறுத்திய பெண்ணுக்கு நம் பகுதியில் அடுத்த வழி என்ன என்பது அனைவரும் அறிந்ததே. ஆலை வாசலோ, அவசரக் கல்யாணமோ காத்திருக்கிறது.

ஆகவே நாம் வேண்டுவது இவ்வளவே. சேர்க்கைக்கு ஒழுக்கமும் உழைப்பும் மட்டுமே அளவுகோலாகட்டும். முகாம் விதிகள் எல்லோர்க்கும் ஒன்றாகட்டும். ஒருத்தி நம்பிச் சொன்ன இரகசியத்தை அவள் அனுமதியின்றி வீட்டுக்கோ ஊருக்கோ பரப்பாதிருப்போம். அருட்சகோதரியரும் பெற்றோரும் அத்தகைய பிள்ளையை அதட்டுவதற்கு முன் பொறுமையாகக் கேட்கும்படி அன்போடு வேண்டுகிறோம். பட்டப்பெயர் சொல்வதை இந்த ஆண்டிலிருந்தே மாணவியராகிய நாம் நிறுத்துவோமாக! எல்லோருக்கும் தோழி என்று வாயால் சொன்னதை வரிசையில் அருகில் நிற்பவளிடம் செய்து காட்டுவோமாக!