கணக்குல மட்டும் பசுமை போதாது!

தோழர்களே,

“நாங்க 100% பசுமை மின்சாரம் வாங்குறோம்”னு பெரிய டெக் கம்பெனிகள் சொல்றதைக் கேட்டிருப்பீங்க. கூகுள் 2017-லேயே சொல்லிவிட்டது. பொய்யா? இல்லை. முழு உண்மையும் இல்லை.

வருடம் முழுக்கச் செலவான யூனிட்டுக்கு ஈடாக, எங்கோ காற்றாலை, சோலார் மின்சாரம் வாங்கியதாகக் காட்டினால் கணக்கு சரி. ஆனால் பகலில் வாங்கின சோலார், ராத்திரி ஓடுற சர்வருக்கு எப்படிப் போகும்? அந்த நேரத்தில் பல இடங்களில் எரிவது நிலக்கரியும் எரிவாயுவும்தான்.

கூகுளுக்கும் இது தெரியும். அதனால்தான் 2030-க்குள் ஒவ்வொரு மணி நேரமும் கார்பன் இல்லாத மின்சாரம் என்று 2020-ல் அறிவித்தது. நடந்தது என்ன? 2023-ல் அதன் கார்பன் உமிழ்வு 2019-ஐ விட 48% அதிகம்! டேட்டா சென்டர்களின் மின்பசி அப்படி.

இவர்களின் நீண்டகால ஒப்பந்தங்களை நம்பிப் பல புதிய காற்றாலைகள் எழுந்தன. அதை மறுக்கவில்லை.

ஆனால் சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் டேட்டா சென்டர்கள் வந்துவிட்டன. நம்ம காத்து சீசன் மே முதல் செப்டம்பர் வரை. சர்வருக்கு ஏது சீசன்? ஏற்கெனவே ஓடுற காற்றாலையை அவங்க கணக்குல எழுதிட்டா, நமக்கு மிஞ்சுறது நிலக்கரிப் புகைதான்.

நம் கோரிக்கை மூன்று:
✊ புதிய காற்றாலை, சோலாரில் முதலீடு
✊ சேமிப்பு பேட்டரி அவர்கள் செலவில்
✊ மணிவாரிக் கணக்கு மக்கள் பார்வைக்கு

லாபம் அவங்களுக்கு, புகை நமக்கா? பகிருங்கள் தோழர்களே!

#மணிவாரிக்_கணக்கு_எங்கே