உவர்நீர் இறால் குளத்தின் அடிமண்

நமது கடற்கரையோரத் தாலுக்காக்களில் இறால் வளர்ப்போர், குஞ்சு எங்கே நல்லது, தீவனம் என்ன விலை, சந்தையில் எந்த அளவு இறாலுக்குக் கிராக்கி என்னும் விஷயங்களை நாள்தோறும் விசாரிக்கின்றனர். குளத்தின் அடிமண் எந்த நிலையிலிருக்கிறது என்று விசாரிப்போர் சிலரே. நிலத்தை உழாமலும் எருவிடாமலும் உயர்ந்த விதையை மாத்திரம் வாங்கித் தெளிக்கும் குடியானவனை ஊரார் நகைப்பார்கள். உவர்நீர்க் குளத்தில் அதே காரியம் நடைபெறும்போது ஒருவரும் நகைப்பதில்லை. மண் நீருக்கடியில் மறைந்து கிடப்பதே அதற்குக் காரணம். அடிமண்ணே நிலச் சொந்தக்காரரின் உண்மையான மூலதனம் என்பதும், அதைக் காக்கும் பொறுப்பை அவர் குத்தகைதாரர் ஒருவரிடமே விட்டுவிடலாகாது என்பதும் எமது அபிப்பிராயம்.

முதலாவது, மண்ணைத் தெரிந்துகொள்ளுதல். குளத்திற்கு ஏற்றது களிமண் கலந்த வண்டல். நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை களி இருந்தால் நீர் பெரும்பாலும் கசியாமல் நிற்கும். முழுக் களியும் உகந்ததன்று. அறுவடைக்குப் பின் அதை உலர்த்துவது கடினம். ஈரமண்ணை உருண்டையாகப் பிடித்துக் கீழே போட்டால் அது உதிராதிருக்க வேண்டும். அன்றியும், இடுப்பளவு ஆழக் குழியொன்று வெட்டி, காலையில் நீர் நிரப்பி, மாலையில் குறைந்ததை மீண்டும் நிரப்பி, ஆவியாகாதபடி தழைகளால் மூடிவைத்து மறுநாட் காலையில் பார்க்கலாம். நீர் பெரும்பாலும் நின்றிருந்தால் அவ்விடம் பரிசோதனைச் சாலைக்கு மண் அனுப்பத் தகுந்தது. நின்றிராவிட்டால் வெட்டுக்கூலியை மிச்சப்படுத்திக்கொள்வதே விவேகம்.

மணற்பாங்கான நிலத்தில் குளம் வெட்டுவதால் விளையும் நஷ்டம் வெட்டியவரோடு நிற்பதில்லை. கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. அந்நீர் மணல் வழியே கசிந்தால் அடுத்தவர் வயலையும், ஊராரின் குடிநீர்க் கிணற்றையும் அடைகிறது. உப்பைப் பொறுக்கும் சக்தி நெற்பயிருக்குக் குறைவு. 1990-களின் முற்பகுதியில் பண்ணைகள் பெருகியபோது இத்தகைய முறையீடுகளே எழுந்தன. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் தீர்ப்பளித்தது. விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஊர்ப் பொது நிலம் ஆகியவற்றை இறால் குளங்களாக மாற்றலாகாது என்று அத்தீர்ப்பு விதித்தது. பின்னர் 2005-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி கடலோர இறால் பண்ணைகள் பதிவு பெறுதல் கட்டாயமாயிற்று.

நீரை நன்கு தாங்கும் களிமண்ணிலும் ஓர் ஆபத்து மறைந்திருக்கக்கூடும். முன்னாளில் அலையாத்தி மரங்கள் நின்ற தாழ்நிலங்களில் பைரைட் என்னும் கந்தகமும் இரும்பும் சேர்ந்த பொருள் படிந்திருப்பதுண்டு. ஈரமாயிருக்கும் வரை அது கெடுதி செய்யாது. தோண்டிக் காற்றுப்படும்படி உலரவிட்டால் அது கந்தக அமிலமாக மாறுகிறது. மண்ணின் பி.எச். அளவு 4-க்கும் கீழே இறங்கி, வைக்கோல் நிறத் திட்டுகள் தோன்றும். ஆகவே ஈரமண்ணை மாத்திரம் சோதித்து முடிவு செய்தலாகாது. உலர்த்தியபின்னும் சோதித்தல் அவசியம். பொதுவாக, பி.எச். 7-க்கும் 8-க்கும் இடையிலுள்ள மண்ணே இறாலுக்கு உகந்தது.

இரண்டாவது, மண்ணைப் பேணுதல். நாம் இடும் தீவனத்திலுள்ள தழைச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கே இறாலின் உடலில் சேருகிறது. மீதி கழிவாகவும், தின்னாத தீவனமாகவும், மடிந்த பாசியாகவும் நீரிலும் அடிமண்ணிலும் தங்குகிறது. அடிமண்ணில் சில மில்லிமீட்டர் கனமுள்ள மேற்படலத்திற்கே பிராணவாயு எட்டும். அதன் கீழே மண் கறுத்திருக்கும். கழிவு மிகுந்தால் மேற்படலமும் கறுத்துவிடும். நன்னீர்க் குளத்திலும் சேறு கறுப்பதுண்டு. ஆனால் கடல்நீரில் லிட்டருக்கு 2.5 கிராமுக்கு மேல் சல்பேட் இருப்பதால், காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை ஏராளமாக உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றமுள்ள இவ்வாயு சிறிதளவிலேயே இறாலுக்கு நஞ்சு. இறாலோ அடியில் இறங்கி மேயும் பிராணி. அது தின்னுமிடமே நஞ்சானபின் குஞ்சின் உயர்வும் தீவனத்தின் உயர்வும் என்ன பிரயோஜனம்?

இதற்குரிய பரிகாரம் நமது விவசாயிகளுக்குப் புதியதன்று. கோடை உழவின் தத்துவமே இது. அறுவடையானதும் நீரை முற்றும் வடித்துவிட்டு, இரண்டு மூன்று வாரங்கள் குளத்தை வெயிலில் காயவிட வேண்டும். மண் வெடித்து, காற்று உட்புகுந்தால் கழிவு மக்கும். ஆயினும் கட்டாந்தரையாகும்வரை விட்டுவைப்பதால் பலனில்லை; ஈரம் முற்றும் அற்றால் மக்கச் செய்யும் நுண்ணுயிர்களும் வேலை செய்வதை நிறுத்திவிடும். ஏரியேட்டர் சுழற்சியால் நடுவில் குவிந்த கருஞ்சேற்றை வாரியெடுத்தபின், மேல்மண்ணை 5 முதல் 10 சென்டிமீட்டர் ஆழம் கிளறிவிடலாம். மறுபடி நீர் கட்டுமுன் அதை இறுக்கிவிடுதல் வேண்டும். இல்லையேல் மண் கரைந்து நீர் கலங்கும். பி.எச். 7-க்குக் குறைந்திருந்தால், பரிசோதனையில் கண்ட அளவுப்படி சுண்ணாம்புக்கல் தூளை மண் ஈரமாயிருக்கும்போதே தூவுக. மண் காரமாயிருக்கும்போது வழக்கத்தை முன்னிட்டுச் சுண்ணாம்பு கொட்டுவது வீண் செலவு. மேலே கூறிய பைரைட் மண்ணுக்கு நெடுநாள் காயவிடும் முறை பொருந்தாது. அதற்கு நீர் கட்டி வடித்துப் பலமுறை அலசுதலே வழி.

வாரிய சேற்றை எருவென்று எண்ணி வயலில் இடுவோர் உண்டு. அதில் சத்திருப்பது மெய். அதனுடன் உப்பும் இருக்கிறது. கரைமேல் குவித்தாலோ முதல் மழையிலேயே குளத்திற்குத் திரும்பிவிடும். வாய்க்காலில் தள்ளினால் அடுத்த பண்ணையின் நீர் கெடும். பண்ணைக்குள்ளேயே கரைகட்டிய தனி மேட்டில் அதைச் சேர்த்துவைப்பதே முறை.

மூன்று வாரம் குளத்தைச் சும்மா போட்டால் வருமானம் என்னாவது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் கறுத்த மண்ணின்மேல் இறக்கிய குஞ்சு நடுவிலே மடிந்தால் இழப்பது மூன்று வார வருமானமன்று. ஒரு முழுப் பருவத்துத் தீவனமும், மின்கட்டணமும், கூலியுமாகும். அடியில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டவர்கள் கசிவினின்று தப்பலாம். கழிவினின்று தப்ப முடியாது. விரிப்பின்மேலும் சேறு சேரும். நடு வடிகால் வழியே அதை அடிக்கடி வெளியேற்றியாக வேண்டும்.

நிற்க. இவையெல்லாம் அறிந்தும் நடவாமைக்குப் பெருங்காரணம் குறுகிய குத்தகை. ஓராண்டுக்கு மாத்திரம் குளம் எடுப்பவருக்கு மறு ஆண்டு மண் எப்படியிருந்தால் என்ன? அவரைக் குறை கூறுவதில் பயனில்லை. பத்திரத்தை எழுதுவோரே திருந்த வேண்டும். குத்தகையை மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் விடுக. தொடக்கத்திலும் முடிவிலும் மண் பரிசோதனை, அறுவடைதோறும் சேறு வாருதல், இரு வளர்ப்புகளுக்கிடையே காயவிடும் நாட்கள் ஆகியவற்றை எழுத்தில் சேர்க்க. நிபந்தனைகள் நிறைவேறியபின் திருப்பித் தரும் முன்பணம் ஒன்றையும் பெற்றுக்கொள்க. வாடகை சற்றுக் குறையலாம், மண் மிஞ்சும்.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் இதில் பங்குண்டு. புதுக்குளம் பற்றி விசாரணை வரும்போது சர்வே எண்ணோடு நில்லாமல், அவ்விடத்து மண் மணலா களியா, அண்டையில் நஞ்சையும் குடிநீர்க் கிணறும் எவ்வளவு தூரத்திலுள்ளன என்பதை நேரில் கண்டு எழுதுவார்களாக. உப்பேறிய கிணற்றைப் பின்னர் நன்னீராக்குவதினும், குளம் வெட்டுமுன் ஒரு குழி தோண்டிப் பார்ப்பது எளிது.