பாஸ்போர்ட்டில் உங்க பேர் என்ன?

நம்ம ஹாஸ்டல் மொட்டை மாடியில் ராத்திரி பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் துபாயிலோ சிங்கப்பூரிலோதான் போய் முடிகிறது. சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் உண்டா, வெயில் தாங்குமா என்று ஆயிரம் கேள்வி. "என் பேர் சரியா இருக்கா?" என்று ஒருத்தனும் கேட்டதில்லை. என்னைக் கேட்டால், முதல் தடங்கலே அதுதான். (ஒரகடத்தில் வேலை இல்லையா என்பீர்கள். இருக்கிறது, காண்ட்ராக்டில். அதை அடுத்த மலரில் பேசலாம்.)

நமக்கு இனிஷியல் என்பது ஓர் எழுத்து. பாஸ்போர்ட் விண்ணப்பத்திலோ பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஒருத்தன் அப்பா பெயரை எழுதுகிறான், இன்னொருத்தன் காலியாக விடுகிறான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா, விசிட் விசாவில் உள்ளே வர முடியாது என்று அறிவித்தது. இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அதற்குள் எத்தனை பேருக்கு வயிறு கலங்கியிருக்கும்!

அப்பா பெயரிலும் சிக்கல். ரேஷன் கார்டில் முனுசாமி, பட்டாவில் முனிசாமி. ஆங்கிலத்தில் கடைசி எழுத்து ஓரிடத்தில் 'ஐ', இன்னோரிடத்தில் 'ஒய்'. டிப்ளமோ சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவுத் துறை, அந்த நாட்டுத் தூதரகம் என்று முத்திரை மேல் முத்திரை வாங்கும்போதுதான் இது உதைக்கும். சிங்கப்பூர் 'அப்போஸ்டில்' ஒப்பந்தத்தில் இருப்பதால் தூதரக முத்திரை தேவையில்லை. அமீரகமும் கத்தாரும் அதில் இல்லை. படித்தவர்கள் வீட்டில் யாராவது பார்த்துத் திருத்துவார்கள். எங்கள் வீட்டில் எட்டாவது படிக்கும்போதிலிருந்து ஃபாரம் நிரப்புகிற ஆள் நான்தான். அன்றைக்கு நான் போட்ட ஸ்பெல்லிங்தான் இன்று எங்கள் குடும்பத்துக்கே ஸ்பெல்லிங். நினைத்தால் பயமாக இருக்கிறது.

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் ஒன்பதாவதோடு நின்றவர். கைதேர்ந்த வெல்டர். பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் 'இ.சி.ஆர்.' என்று இருக்கும் (மகாபலிபுரம் ரோடு இல்லை!). அவர் வேலைக்காக வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அனுமதி வேண்டும். 1983-ம் வருஷத்துச் சட்டம். தடுப்பதற்காக அல்ல, ஏமாறாமல் காப்பதற்காக. ஆனால் ஏஜென்ட் என்ன சொன்னார்? "அதெல்லாம் லேட்டாகும் தம்பி, விசிட் விசாவுல போயிடு, அங்க மாத்திக்கலாம்." பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அண்ணன் கொடுத்தது ஒன்றேகால் லட்சம். அண்ணியின் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. விசா மாறவில்லை. சம்பளம் கேட்டால், திருட்டுத்தனமாக வேலை செய்தவன் என்று தானே மாட்டுவார். நாலே மாதத்தில் திரும்பிவிட்டார். சங்கிலி இன்னும் திரும்பவில்லை.

நம்ம உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பாருங்கள். ஆயிரத்து நூறு வருஷம் முன்னால், முதலாம் பராந்தகன் காலத்தில், ஊர்ச்சபை வாரியத்துக்கு வர என்ன தகுதி வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். வயது 35-க்கு மேல் 70-க்குள், சொந்த நிலம், சொந்த மனை. அந்த விதி நியாயமா என்பது வேறு விஷயம் (எங்கள் தாத்தா அந்தப் பக்கமே போயிருக்க முடியாது!). ஆனால் விதி சுவரில் இருந்தது, ஏஜென்ட் வாயில் இல்லை.

அதனால் யூனியனுக்கு ஒரு கோரிக்கை. பதிவு பெற்ற ஏஜென்ட் பட்டியல் அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் இருக்கிறது. 1978-ல் தமிழக அரசே தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது. இந்த விவரங்களை நம் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். கடைசி வருஷ மாணவர்களை ஒரு சனிக்கிழமை உட்கார வைத்து, பத்தாவது மார்க் ஷீட், டிப்ளமோ, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்போம். திருத்த ஃபாரம் எழுத நான் வருகிறேன். ஐந்து வருஷ சர்வீஸ் இருக்கிறது!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்