கேட்பதற்கு ஒன்று, காப்பதற்கு ஒன்று



சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவில் பேருந்தின் ஒலிப்பான் முழங்கும்போது, அருகிலுள்ள மரத்தில் கூவும் பறவையின் குரல் நம் செவிக்கு எட்டுவதில்லை. பறவை கூவத்தான் செய்கிறது. பேரொலி அச்சிற்றொலியை மறைத்துவிடுகிறது. செவியின் இவ்வியல்பை அறிந்து அமைக்கப்பட்டதே எம்.பி.3 என்னும் ஒலிக்கோப்பு முறை. ஜெர்மனி நாட்டு ஃபிரான்ஹோஃபர் நிறுவன அறிஞர்கள் இதன் உருவாக்கத்தில் பெரும்பங்கு வகித்தனர். நமக்குக் கேளாது எனக் கருதப்படும் ஒலிகளை இம்முறை நீக்கிவிடுகிறது.

குறுந்தகட்டில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளந்து பதியப்படுகிறது. அவ்வாறு பதிந்த ஐந்து நிமிடப் பாடலுக்கு ஏறத்தாழ 53 மெகாபைட் இடம் வேண்டும். 128 கிலோபிட் எம்.பி.3இல் அதே பாடல் ஐந்து மெகாபைட்டுக்குள் அடங்கும். 2001ஆம் ஆண்டு வெளிவந்த ஃபிளாக் முறையோ, ஒன்றையும் நீக்காமல் கோப்பின் அளவைப் பெரும்பாலும் பாதியளவுக்குக் குறைக்கிறது. பயணப் பெட்டியில் துணிகளை இறுக மடித்து வைப்பது ஃபிளாக்; இடமில்லையென்று சில துணிகளை எடுத்தெறிந்துவிடுவது எம்.பி.3.

அப்படியாயின் எதைக் கேட்பது? பேருந்திலும் சமையலறையிலும் கேட்பதற்கு 256 கிலோபிட் எம்.பி.3 போதுமானது, பெரும்பாலோர் செவிக்கு வேறுபாடு புலப்படாது. புளூடூத் கருவிகளில் பெரும்பாலானவை ஒலியை மீண்டும் சுருக்கியே அனுப்புகின்றன. கைப்பேசி அலை அடிக்கடி விட்டுப்போகும் மலைப்பாதையில் சிறிய கோப்பே கைகொடுக்கும்.

ஆனால், காப்பது வேறு. 2015ஆம் ஆண்டு மறைந்த இசைமுரசு நாகூர் ஹனீபா அவர்களின் பாடல்கள் அடங்கிய ஒலிநாடாக்கள் இன்றும் பல இல்லங்களில் உள்ளன. அவற்றோடு, பாட்டனாரின் குரலும், நிக்காஹ் மஜ்லிஸின் துஆவும் பதிந்த நாடாக்களும் இருக்கலாம். பாடலுக்கு வேறு பிரதி கிடைக்கும். பாட்டனாரின் குரலுக்கு எங்கே பிரதி? சேர்வராயன் மலையின் மூடுபனி ஈரத்தில் நாடாக்கள் எளிதில் பூசணம் பிடித்துவிடுகின்றன.

ஆகவே, அத்தகைய நாடாக்களை முதலில் ஃபிளாக் முறையிலேயே பதிந்து வையுங்கள். 60 நிமிட நாடா சுருக்காத நிலையிலும் ஏறத்தாழ 635 மெகாபைட் தான். 32 கிகாபைட் நினைவட்டை ஒன்றில் ஐம்பது நாடாக்கள் வரை அடங்கும். உறவினர்க்கு அனுப்ப, அதிலிருந்து எம்.பி.3 பிரதி எடுத்துக்கொள்ளலாம். எம்.பி.3ஐ ஃபிளாக்காக மாற்றினாலோ, கோப்பு பெரிதாகுமேயன்றி, நீக்கப்பட்ட ஒலி திரும்பாது. மற்றொரு பிரதியை வேறோர் உறவினர் இல்லத்திலும் வைத்திருங்கள்.

அடுத்த மழைக்காலம் வருமுன் அந்தப் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள்.