ஒரு பெட்டி, இரண்டு பகுதி

புரோசார்டில் நாங்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் பொதி கட்டும் பகுதிக்கும் கணக்குப் பகுதிக்கும் ஒரே நெட்வேர்க் சுவிச்தான். பிரிக்காமல் விட்டால், எங்கள் சம்பள விபரம் உள்ள கணனியின் கதவை மற்றக் கணனிகளும் தட்டலாம்.

இன்னொரு பெட்டி தேவையில்லை. 'வீலான்' வசதியுள்ள சுவிச்சில் கம்பி செருகும் துளைகளை இலக்கமிட்டுப் பிரிக்கலாம்: 10 கணக்கு, 20 பொதி. 10இன் தகவல் 20க்குப் போகாது. இரண்டும் ஒரே கம்பியால் அடுத்த சுவிச்சுக்குப் போகவேண்டுமானால், ஒவ்வொரு தகவல் துண்டிலும் 4 பைட் அடையாளச் சீட்டு ஏறும். 1998இல் அங்கீகரிக்கப்பட்ட 802.1கியூ நியமம் சொல்வது இதைத்தான்.

இரு பகுதியும் பேச ரவுட்டர் வேண்டும். யாரை விடலாம், யாரை மறிக்கலாம் என்று அங்கே விதி எழுதாவிட்டால் பிரித்தும் பயனில்லை.

பேஸ்மென்டை வாடகைக்கு விட்டு இன்டர்நெட்டையும் பகிர்பவர்களே, ரவுட்டரில் விருந்தினர் இணைப்பு இருந்தால் அதைக் கொடுங்கள். உங்கள் குடிவரவுப் பத்திரங்கள் உள்ள கணனி தனியே இருக்கட்டும்.