டி.வி. வாங்கப் போகிறீர்களா? முதலில் டேப்பை எடுங்கள்!

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலரில் டி.வி. வாங்குவதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிரிக்காதீர்கள். இளைஞர் கடமை, வேலையில்லாத் திண்டாட்டம் என்று எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது நம் வீட்டுச் சுவரில் மாட்டப்போகிற ஒரு பொருளைப் பற்றித்தான். ஆனால் அதில் நம் அப்பா அம்மாவின் சேமிப்பும், நம் படிப்பின் மானமும் சேர்ந்தே இருக்கின்றன.

என் அப்பா கொத்தனார். அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான். "பையன் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான்" என்ற ஒரே காரணத்துக்காக மிக்சி முதல் செல்போன் வரை தெருவே என்னிடம்தான் வருகிறது. உங்கள் வீட்டிலும் இதே கதைதானே? நாளைக்கு, "பெரிய டி.வி. ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம், எதுப்பா நல்லது?" என்று கேட்டால் நாம் என்ன சொல்லப்போகிறோம்?

சிலர் வேறு மாதிரி கேட்பார்கள். "உங்களுக்கெல்லாம் எதுக்குப்பா அவ்வளவு பெரிய டி.வி.?" தமிழக அரசு 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டிதான் எங்கள் வீட்டின் முதல் டி.வி. அதற்கும் இதே பேச்சுத்தான் பேசினார்களாம், பாட்டி சொல்வார். ஊருக்கெல்லாம் மாடி வீடு கட்டிக் கொடுத்த மனுஷன், தன் வீட்டில் உட்கார்ந்து ஒரு நல்ல படத்தை நல்லபடியாகப் பார்க்க ஆசைப்படுவது ஆடம்பரமா? நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் கட்சி இதுதான்: நல்ல டி.வி.யே வாங்குவோம். ஆனால் கண்ணுக்குத் தெரிவதற்குக் காசு கொடுப்போம், பெட்டிமேல் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கருக்குக் கொடுக்க வேண்டாம்!

2025 தீபாவளிக்கு முன்பு, சீட்டுப் பணம் அறுபதாயிரம் கைக்கு வந்ததும் அப்பாவோடு ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம். விற்பனையாளர் அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எச்.டி.ஆர்., ஏ.ஐ. பிராசசர் என்று அடுக்கிக்கொண்டே போனார். ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள ஒன்றைக் காட்டி, "மிச்சத்தைத் தவணையில கட்டிக்கலாம், வட்டியே கிடையாது" என்றார். கட்டட பிளானைப் பார்த்ததும் எத்தனை மூட்டை சிமென்ட் என்று சொல்லிவிடுகிற என் அப்பா, அங்கே பேச்சில்லாமல் நின்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தச் சொற்களெல்லாம் நம் பாடத்துக்குப் பக்கத்தில் உள்ளவைதானே! அன்றைக்கு ஒன்றும் வாங்காமல் திரும்பினோம். பிறகு நான் உட்கார்ந்து கணக்குப் போட்டதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் கணக்கு தூரம். அப்பாவின் டேப்பால் நாங்கள் உட்காரும் இடத்திலிருந்து சுவர் வரை அளந்தேன். சரியாக 8 அடி. 4கே திரையில் 3840 × 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். 55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 48 அங்குலம். வகுத்துப் பாருங்கள், ஒரு புள்ளி 0.32 மில்லிமீட்டர்தான். சாதாரணக் கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்தறியும். அந்தக் கணக்குப்படி மூன்றரை அடிக்கு அப்பால் போனாலே இந்தப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. ஆகவே 55 அங்குலத்தில் 8கே வாங்குகிறவர் அதன் பெருமையைக் காண வேண்டுமானால் மூன்றரை அடிக்குள் மூக்கை நீட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும்! பழைய ஃபுல் எச்.டி.யின் புள்ளிகளே இந்த அளவில் ஏழு அடிக்கு மேல் மறைந்துவிடும். பெரிய டி.வி.களில் இன்று 4கே தானாகவே வந்துவிடுகிறது. அது போதும், அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

இரண்டாவது கணக்கு, உள்ளே என்ன போகிறது என்பது. கேபிளில் வருகிற சாதாரண எஸ்.டி. சேனலில் இருப்பது 720 × 576, அதாவது 4,14,720 புள்ளிகள். 82,94,400-ஐ இதனால் வகுத்தால் சரியாக 20 வருகிறது. இருபது புள்ளிகளில் ஒன்றுதான் கேபிளில் வந்தது, மீதிப் பத்தொன்பதையும் டி.வி. தானே ஊகித்து நிரப்ப வேண்டும்! "கடையில பளபளன்னு இருந்துச்சு, வீட்டுக்கு வந்தா மங்கலா இருக்கே" என்று பலர் புலம்புவதற்கு ஒரு காரணம் இதுதான். இன்னொரு காரணம், கடையில் ஓடுவது டி.வி.க்கென்றே எடுத்த டெமோ படம். வெளிச்சமும் உச்சத்தில் வைத்திருப்பார்கள். அதனால் நாம் பார்க்கிற சீரியல், கிரிக்கெட்டை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள். டி.வி.யைச் சாதாரண மோடுக்கு மாற்றச் சொல்லிப் பாருங்கள். முகம் சுளிக்கிற கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் மிக முக்கியம்: பேனல். ஓ.எல்.இ.டி.யில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கருப்பு வேண்டுமென்றால் அணைந்துவிடும். மற்றவை எல்லாம் எல்.சி.டி.தான், பின்னாலிருந்து பேக்லைட் அடிக்கிறது. கியூ.எல்.இ.டி. என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், அதுவும் பேக்லைட் உள்ள எல்.சி.டி.யே, குவாண்டம் டாட் படலம் ஒன்று கூடுதல், அதனால் நிறம் நன்றாக இருக்கும், அவ்வளவுதான். மினி எல்.இ.டி. என்பது பேக்லைட்டைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, தேவையான இடத்தில் மட்டும் எரிய விடுவது.

அப்படியானால் ஓ.எல்.இ.டி.தானே உயர்ந்தது? இருட்டு அறையில், ஆமாம். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் அதில் நிறம் மாறாது. ஆனால் நம் வீடு எப்படி? பகலில் வாசல் கதவு திறந்தே கிடக்கும், ராத்திரியில் டியூப்லைட் எரியும். அந்த வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்பும்போது, அதிக விலை கொடுத்து வாங்கிய கருப்பு சாம்பலாகிவிடும். போதாததற்கு எங்கள் பாட்டி காலையிலிருந்து ஒரே செய்திச் சேனலை வைத்திருப்பார். அசையாமல் நிற்கும் சின்னமும் கீழே ஓடும் பட்டையும் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் எரிந்தால் ஓ.எல்.இ.டி.யில் தடம் பதிந்துவிடும் ஆபத்து உண்டு. இந்த மாதிரி வீட்டுக்கு வெளிச்சம் அதிகமுள்ள மினி எல்.இ.டி.யே பொருத்தம்.

எல்.சி.டி.யிலும் இரண்டு வகை. வி.ஏ. பேனலில் கருப்பு ஆழமாக இருக்கும், ஆனால் ஓரத்திலிருந்து பார்த்தால் வெளுக்கும். ஐ.பி.எஸ். பேனலில் ஓரத்திலிருந்தும் நன்றாகத் தெரியும், கருப்பு சுமார்தான். அம்மா அடுப்படி வாசலிலிருந்து பார்ப்பாரா, எல்லாரும் நேரெதிரே உட்காருவீர்களா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். திரையை ஆளுயரத்துக்கு மேலே மாட்டிவிட்டுப் பாயில் படுத்துப் பார்த்தால் எந்த எல்.சி.டி.யும் அழகாகத் தெரியாது.

ஸ்டிக்கர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எச்.டி.ஆர். என்று போட்டிருந்தால் அந்த சிக்னலை டி.வி. ஏற்றுக்கொள்ளும் என்றுதான் பொருள். அதைக் காட்ட வெளிச்சம் வேண்டும். எச்.டி.ஆர். படங்களை 1000 நிட்ஸ், அதற்கு மேலும் வைத்துத் தயாரிக்கிறார்கள். 300 நிட்ஸ் பேனலில் அந்த எழுத்துக்கு அர்த்தமே இல்லை. "மோஷன் 240" போன்ற எண்களை விட்டுவிட்டு, பேனலின் உண்மையான ஹெர்ட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். சினிமா நொடிக்கு 24 பிரேம். 120-ஐ 24 சரியாக வகுக்கும், 60-ஐ வகுக்காது. அதனால்தான் 60 ஹெர்ட்ஸில் கேமரா மெல்ல நகரும் காட்சிகள் லேசாகத் திக்கித் திக்கிப் போகின்றன.

கடைசியாகக் காசு. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பில்லில் அது சரியாக இருக்கிறதா பாருங்கள். "வட்டியில்லாத் தவணை" என்றால் உஷார்! பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கியே 2013-ல் சொல்லிவிட்டது. வட்டி விலைக்குள் ஒளிந்திருக்கும், மேலே பிராசசிங் கட்டணம் வேறு. "ரொக்கமா கொடுத்தா எவ்வளவு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

எங்கள் தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். கல்லூரிச் சேர்க்கைக்குப் பணம் வேண்டும். மாதத் தவணை என்று ஒன்று வீட்டுக்குள் நுழைந்தால் அது முதலில் கை வைப்பது அவள் படிப்பில்தான். ஆகவே தீபாவளியை விட்டுவிட்டுப் பொங்கல் வரை பொறுத்தோம். 55 அங்குலம், மினி எல்.இ.டி., அறுபதாயிரத்துக்குள், ரொக்கம். இந்த முறை கடையில் பேசியது அப்பா. "தம்பி, பேனல் 120 ஹெர்ட்ஸா, வெளிச்சம் எத்தனை நிட்ஸு?" என்று அவர் கேட்டபோது அந்த விற்பனையாளர் நாற்காலி எடுத்துப் போட்டார்!

நண்பர்களே, நம் டிப்ளமோ வேலைக்கு மட்டும்தானா? நம்மைப் படிக்க வைத்தவர்கள் கடைவாசலில் தலைகுனியாமல் நிற்கவும் அது உதவ வேண்டாமா? மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போடுவோம். டி.வி., பிரிட்ஜ், இன்வெர்ட்டர் என்று எது வாங்குவதானாலும் ஊர் மக்கள் வந்து கேட்கட்டும். கணக்குப் போட்டுக் காட்டுவோம். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்; டேப்பை நான் கொண்டுவருகிறேன்.